ஒட்டகச்சிவிங்கியைத் தத்தெடுத்தவன்

மைசூரில் பிள்ளை பெற்றவனுக்கு ஜூவிலிருந்து தப்பிக்க வழியே கிடையாது. பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் ஜூ. வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் ஜூ. பரீட்சையில் முதல் மார்க் வாங்கினால் பரிசாக ஜூ, பெயிலானால் ஆறுதலாக ஜூ. அரண்மனையைக் காட்டினால் பத்து நிமிடம் கூரையைப் பார்த்துவிட்டுச் செருப்பு எங்கே என்று கேட்கிற பிள்ளைகள், ஜூவில் சாயங்காலம் வரை நடப்பார்கள். நமக்குத்தான் கால் வீங்கும்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். என் மகள் என்றைக்காவது ஒரு நாள் வகுப்போடு அங்கே போய் நிற்கத்தான் போகிறாள் என்பதும் தெரியும். தெரிந்தும்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அந்த லட்சணத்தில் என் புத்தி.

சொன்ன இடம் ஒரு பிறந்தநாள் விழா. என் மகள் ஸ்பந்தனாவின் வகுப்பில் ஆத்யா என்று ஒரு பெண். அவளுக்கு ஒன்பது வயது முடிந்ததை ஒரு மண்டபம் பிடித்துக் கொண்டாடினார்கள். பலூன் வளைவு, மந்திரவாதி, முகத்தில் புலி வரைந்துவிட ஓர் ஆள். அப்பாக்கள் எல்லாம் கேக் ஒட்டிய காகிதத் தட்டுகளோடு ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். ஒருவர் தன் பையனின் பிறந்தநாளுக்கு பெங்களூரில் பனிச்சறுக்கு கூட்டிப் போகப்போவதாகச் சொன்னார். இன்னொருவர் கோவா என்றார். அப்புறம் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"உங்க பொண்ணுக்கு ஆகஸ்ட்ல வருதில்ல ருத்ரமூர்த்தி? என்ன பிளான்?"

நான் தேவராஜ அரசு ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் கவுன்ட்டரில் நிற்பவன். ஒரே புடவையை மாமியாரிடம் 'அடக்கமானது' என்றும் மருமகளிடம் 'எடுப்பானது' என்றும் சொல்லி விற்கிற வாய் எனக்கு. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று சின்ன வயதில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை யாரும் சொல்லவில்லை.

"பார்ட்டியெல்லாம் வேணாம்னு இருக்கோம் சார். இவ பேர்ல ஜூவுல ஒட்டகச்சிவிங்கியைத் தத்தெடுக்கலாம்னு" என்றேன்.

கோவாக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைக் குலுக்கினார். புலி முகத்தோடு பக்கத்தில் நின்ற ஸ்பந்தனா அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் யானையைக்கூடச் சொல்லியிருப்பேன். ஒட்டகச்சிவிங்கியோடு நிறுத்திக்கொண்டது என் அடக்கம்.

சத்தியமாகச் செய்வதாகத்தான் இருந்தேன். அடுத்த செவ்வாய் ஜூவுக்கு விடுமுறை என்பதால் புதன்கிழமை போனேன். அலுவலகத்தில் இருந்த அம்மாள் பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒட்டகச்சிவிங்கியின் வரிசையில் விரலை வைத்து, அப்படியே குறுக்கே நகர்த்தி, கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது எனக்கு வியர்த்தது. ஒரு வருடத்துக்கு அது தின்கிற தழையின் விலையில் நான் இரண்டு வருடம் குடும்பம் நடத்துவேன். விரல் கீழே இறங்க ஆரம்பித்தது. புலி, கரடி, மான், மயில் என்று இறங்கி இறங்கிப் பட்டியலின் அடிமட்டத்தில் நின்றது.

"லவ் பேர்ட்ஸ் எடுத்துக்கங்க சார். அதுவும் உயிர்தானே. குழந்தை பேர்ல கூண்டுல சின்னதா ஒரு பலகை வைப்போம்" என்றார் அந்த அம்மாள். குரலில் கேலி துளியும் இல்லை. அது இருந்திருந்தாலாவது கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம்.

கட்டினேன். மகள் பெயரை எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வண்டியில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். ஆனால் எங்கள் அக்ரஹாரத் தெருமுனையிலேயே பக்கத்து வீட்டு சிவநஞ்சப்பா பிடித்துக்கொண்டார். தபால் துறையில் ஓய்வு பெற்றவர், ஆனால் செய்தி விநியோகத்தை இன்னும் நிறுத்தவில்லை.

"ஏன்பா மூர்த்தி, ஒட்டகச்சிவிங்கிக்குத் தாத்தா நான்தானாமே? உன் பொண்ணு சொல்றா. ஸ்வெட்டர் பின்னணும்னா கழுத்துக்கு மட்டும் எத்தனை கண்டு நூல் ஆகும்னு கேட்டுச் சொல்லு."

தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். வாசலில் நின்றபடியே, "ஆச்சாப்பா?" என்று கேட்டாள்.

"ஆச்சு" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைக்கிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். நான் மறைக்கப் பார்த்தது ஒட்டகச்சிவிங்கியை.

பலகையை எப்போது பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மைசூரில் எந்த வேலையையும் தள்ளிப் போட தசராவைப் போல ஒரு சாக்கு கிடையாது. கொத்தனார் வரவில்லையா, தசரா. பல் டாக்டர் இல்லையா, தசரா. "பேர் எழுதற பெயின்டர் தசரா வேலைக்குப் போயிட்டான் புட்டி, முடியட்டும்" என்றேன். புட்டி என்றால் கன்னடத்தில் சின்னப் பெண், அவளை நான் கூப்பிடுவது அப்படித்தான். தசரா முடிந்தது. "குட்டி போடப்போகுதாம், கூட்டம் வேணாங்கறாங்க" என்றேன். அதன் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன். மனைவி சௌபாக்யாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது ஏன் என்று யோசிக்கிற அறிவு எனக்கு இல்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. நான்காம் வகுப்புச் சுற்றுலா, ஜூ. துணைக்கு வர விருப்பமுள்ள பெற்றோர் பெயர் கொடுக்கலாம்.

கொடுத்தேன். கூடவே போனால் சமாளித்துவிடலாம் என்று கணக்கு.

"கடைக்கு லீவு போட்டுட்டா?" என்றாள் சௌபாக்யா. "என் வளைகாப்புக்கே அரை நாள்தான் போட்டீங்க."

"பிள்ளைங்களோட இருக்கணும்னு தோணுது."

"தோணும், தோணும்" என்று சொல்லிவிட்டுப் புளியோகரேயை டப்பாவில் அமுக்கி அடைத்தாள்.

முப்பத்து நான்கு பிள்ளைகள், தலைக்கு ஒரு மஞ்சள் தொப்பி. வகுப்பாசிரியை ஹேமலதா மிஸ் நல்லவர். குழந்தைகளைக் கத்தாமல் அடக்கத் தெரிந்தவர். வாசலில் எல்லோர் கையிலும் ஒரு தாளும் எழுது அட்டையும் கொடுத்தார்.

"ஒவ்வொரு கூண்டுலயும் மூணு விஷயம் எழுதணும். மிருகத்தோட பேரு. அது என்ன சாப்பிடும். அதைத் தத்தெடுத்தவங்க யாரு, எந்த ஊரு. பலகையில இருக்கும், பாத்து எழுதுங்க. அடுத்த வாரம் அவங்களுக்கெல்லாம் நாம நன்றிக் கடிதம் எழுதப்போறோம்."

மிருகத்தை மட்டும் பார்க்க வந்த கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். பலகையைப் படிக்க வந்த கூட்டத்தை என்ன செய்வது?

அதிலும் சமர்த் என்று ஒரு பையன் இருந்தான். குப்பைத் தொட்டியில் எழுதியிருப்பதைக்கூட உரக்கப் படிக்கிற ரகம். பெரியவனானால் நிச்சயம் வருமான வரி ஆபீசராவான்.

ஒட்டகச்சிவிங்கி உள்ளே நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே வந்து தொலைத்தது. அவ்வளவு பெரிய உருவத்தைக் கடத்திக்கொண்டு போக நான் கடைசி முயற்சி ஒன்று செய்தேன். "அங்க பாருங்க, குரங்கு!" என்று எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன்.

"அங்கிள், அது மரம்" என்றான் சமர்த்.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வேலியோரம் போய் ஒட்டிக்கொண்டார்கள். பலகை பெரிதாகத்தான் இருந்தது. சமர்த் படித்தான். பெங்களூரில் ஒரு டாக்டர் பெயர், அப்புறம் ஒரு கம்பெனி பெயர். இரண்டாவது முறையும் படித்தான். பிறகு பலகையின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தான்.

"மிஸ், ஸ்பந்தனா பேர் இல்ல."

எல்லோரும் திரும்பினார்கள். ஆத்யா வாயைத் திறந்தபடி நின்றாள். மிஸ் என்னைப் பார்த்தார். தசரா, பெயின்டர், குட்டி என்று வைத்திருந்த சரக்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"எங்கப்பா பேர் போட வேண்டாம்னுட்டார் மிஸ்."

ஸ்பந்தனாதான். குரலை உயர்த்தவில்லை. கண்ணை லேசாகத் தாழ்த்தி, ஒரு வினாடி விட்டு, பிறகு சொன்னாள்: "குடுத்ததைச் சொல்லிக் காட்டக் கூடாதாம். அப்பா அப்படித்தான்."

அந்த ஒரு வினாடி இடைவெளி என்னுடையது. புடவையின் விலையைச் சொல்வதற்கு முன்னால் நான் விடுவது. நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்பார்கள். என் வீட்டில் அது தகப்பனைப் போல வந்திருந்தது.

"ஆனா நீதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்காட்டினியே" என்றான் சமர்த்.

"நான் சின்னப் பொண்ணு. எனக்கு அடக்க முடியல" என்றாள்.

மிஸ் சிரித்தேவிட்டார். கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா? பலகை வைக்காம குடுக்கறவங்களும் இருக்காங்க. மத்தவங்களுக்குக் கடிதம் எழுதுவோம், இவருக்கு நேர்லயே சொல்லிடலாம். எல்லாரும் சொல்லுங்க."

"தேங்க்... யூ... அங்கிள்!"

முப்பத்து மூன்று தொண்டைகள். என் மகள் மட்டும் சொல்லவில்லை. ஒட்டகச்சிவிங்கி திரும்பி ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டுத் தழைக்குப் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் இடம் கொடுத்திருந்தால் உள்ளே போய் நின்றிருப்பேன்.

அதோடு விட்டதா? "ரெண்டு வார்த்தை பேசுங்க சார்" என்றார் மிஸ். அப்போதாவது கையெடுத்துக் கும்பிட்டு, தப்பு நடந்துபோச்சு மிஸ் என்று சொல்லியிருக்கலாம். பேசினேன். வாயில்லாத பிராணி என்று ஆரம்பித்தேன், வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று முடித்தேன். நன்றாகவே பேசினேன். அதுதான் கேவலம். கை தட்டினார்கள். பேசும்போது ஒரு கட்டத்தில் எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது என்பதை இங்கே எழுதக் கை கூசுகிறது.

மத்தியானம் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஸ்பந்தனா தோழிகளை விட்டுவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். புளியோகரேயில் நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

அவள் அப்படி ஒரு பொய்யை அத்தனை சுலபமாகச் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"புட்டி, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒட்டகச்சிவிங்கி..."

"இல்லைன்னு தெரியும்" என்றாள். இன்னொரு கடலையை எடுத்தாள். "லவ் பேர்ட்ஸ்தானே."

கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தேன்.

"நவம்பர்ல ஹாசன் பெரியம்மா வந்தப்போ அம்மா இங்க கூட்டிட்டு வந்தா. நான்தான் முதல்ல பாத்தேன். சின்னப் பலகை. அதுல என் பேரு." பலகையின் அளவை இரண்டு கையாலும் காட்டினாள். "ஒரு பச்சை இருக்குப்பா, எப்பவும் தலைகீழாத்தான் தொங்கும். தலைகீழா இருந்துட்டே சாப்பிடும். மஞ்சள் ஒண்ணு அதோட தலையில உக்காரப் பாக்கும், முடியாது, விழும். மறுபடி வரும்."

"அம்மாவுக்கும் தெரியுமா?"

"அப்பாகிட்ட கேக்காதே, அவருக்கு அசிங்கமாப் போயிடும்னு சொன்னா."

இரண்டு மாதமாக வீட்டில் இரண்டு பேரும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான்தான் அவர்களை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, தினமும் மீசையைச் சீவிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறேன்.

"உனக்கு வருத்தமா இருந்துதா, லவ் பேர்ட்ஸ்னு பாத்ததும்?"

"இல்லியே" என்றாள், ஆச்சரியமாக. "எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஒட்டகச்சிவிங்கி ஒண்ணுதான். இது இருபத்தாறு இருக்கு. எல்லாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு இருந்துச்சு. ஆனா நீதான் ஒட்டகச்சிவிங்கின்னு சொல்லிட்டியே. எப்படிக் காட்டறது?"

நான் கொடுத்தது அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. போதாமல் போனது எனக்கு. அவளுக்குப் பிடித்த ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, வெளியே காட்டாதே என்று வாயையும் நானே கட்டிப் போட்டிருக்கிறேன்.

"இன்னிக்குக் காட்டலாம். பறவைக் கூண்டுகிட்ட போனதும் மிஸ்கிட்ட நானே சொல்றேன். பொய் சொன்னது நான், உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றேன்."

"சமர்த் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

"உன்னைப் பாத்துச் சிரிப்பான்பா."

"பரவாயில்ல."

"நிஜமாச் சொல்லுவியா?"

"சாமுண்டி மேல ஆணை."

அவள் டப்பாவில் இருந்ததை நாலே வாயில் சாப்பிட்டு முடித்தாள். கையை அலம்பிக்கொண்டு ஓடிப்போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். "அடுத்து பறவை மிஸ், எனக்கு வழி தெரியும்" என்று அவள் சொல்வது இங்கே கேட்டது.

நடக்கும்போது மனதுக்குள் வாக்கியங்களைச் சரி செய்துகொண்டே போனேன். 'மிஸ், பிள்ளைங்களே, காலையில நான் சொன்னது பொய்.' இல்லை, 'காலையில ஒரு சின்னத் தவறு.' இல்லை, தவறு என்ன தவறு, பொய் என்றே சொல்லிவிடுவது. ஆறு வார்த்தைதான். ஆறு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஹேமலதா மிஸ் நடையைக் குறைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்துகொண்டார்.

"சார், காலையிலேருந்து எனக்கு மனசே ஆறல. ஸ்பந்தனா ஏன் அவ்வளவு நல்ல பொண்ணா இருக்கான்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. பிரின்சிபல்கிட்ட போன்ல சொல்லிட்டேன். பிப்ரவரி ஆண்டு விழாவுல பெற்றோர் சார்பா நீங்கதான் பேசறீங்க."

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு மிஸ்" என்றேன்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. எதுக்கு என்றுதான் சொன்னேன். கவுன்ட்டரில் நிற்பவனுக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். 'எதுக்கு' என்று சொல்கிற வாடிக்கையாளர் வாங்கிவிடுவார்.

கூண்டு வந்தது. கிச்சுக்கிச்சு என்று ஒரே இரைச்சல். பச்சையும் மஞ்சளும் நீலமுமாகப் பறவைகள் கம்பியில் தொற்றிக்கொண்டிருந்தன. ஓரத்தில், என் இடுப்பு உயரத்தில், தகரப் பலகை. ஸ்பந்தனா ஆர்., அக்ரஹாரா, மைசூரு. நான் அதை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். பணம் கட்டியதோடு சரி, வந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அழகாகத்தான் எழுதியிருந்தார்கள். எழுத்தைச் சுற்றி ஒரு கொடிகூட வரைந்திருந்தார்கள்.

பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொள்வதற்குள் நான் அதன் மேல் சாய்ந்து நின்றிருந்தேன். யோசித்துச் செய்யவில்லை. உடம்பு தானாகப் போய்ச் சாய்ந்துகொண்டது. சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்பந்தனா எனக்கு நேர் எதிரே, எல்லோருக்கும் முன்னால் நின்றாள். எழுது அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். புலி முகத்தோடு என்னை அண்ணாந்து பார்த்தாளே, அதற்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"பேரு லவ் பேர்ட்ஸ். சாப்பிடறது தினை" என்று சமர்த் எழுதி முடித்தான். "அங்கிள், கொஞ்சம் நகருங்க. தத்தெடுத்தவங்க பேர் எழுதணும்."

"டேய், பெரியவங்களை நகருன்னு சொல்லலாமா?" என்றார் மிஸ். "சார், நீங்களே படிச்சிடுங்க. எல்லாரும் எழுதிக்கட்டும்."

முப்பத்து நான்கு மஞ்சள் தொப்பிகள் நிமிர்ந்தன. மிஸ் கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி மரியாதையாக நின்றார். நான் தலையைத் திருப்பிக் குனிந்து பலகையைப் பார்த்தேன். என் மகள் பெயர் அங்கே இருந்தது. படித்தால் போதும். ஆறு வார்த்தைகூட வேண்டாம், ஒரே பெயர். மீதியை அதுவே சொல்லிவிடும்.

வாயைத் திறந்தேன்.

"கமலம்மா" என்றேன். "மண்டியா."

எங்கிருந்து வந்தாள் அந்தக் கமலம்மா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னைக் கேட்காமல் வாய் சொன்னது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. வாய் என்னுடையதுதான். நாற்பத்து இரண்டு வருடமாக நான் சோறு போட்டு வளர்த்த வாய்.

பென்சில்கள் தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. நான் ஸ்பந்தனாவைப் பார்க்காமல் கூண்டைப் பார்த்தேன். ஒரு பச்சைப் பறவை தலைகீழாகத் தொங்கியபடி தின்றுகொண்டிருந்தது.

"வெறும் கமலம்மாவா? இனிஷியல் இல்லாம பலகை வைப்பாங்களா?" என்றான் சமர்த். அவனுக்குத் திருப்தியாக இல்லை. தாளை மடித்துக்கொண்டு என் இடுப்புப் பக்கமாக எட்டிப் பார்க்க வந்தான். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடட்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது, சத்தியமாக. இன்னொரு மனம் முதுகை இன்னும் அகலமாக்கிக்கொண்டது.

"கே. கமலம்மா" என்றாள் ஸ்பந்தனா.

சமர்த் நின்றான்.

"போன தடவை வந்தப்போ நான் பாத்தேன். கே. கமலம்மா, மண்டியா. எழுதிக்கோ."

குரலில் எந்த நடுக்கமும் இல்லை. அந்த ஒரு வினாடி இடைவெளிகூட இந்த முறை அவளுக்குத் தேவைப்படவில்லை. சமர்த் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, முன்னால் ஒரு 'கே' சேர்த்து எழுதினான். மற்றவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியாக அவள் குனிந்து தன் தாளில் எழுதினாள். நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், கமலம்மா என்ற பெயரை முழுதாக எழுதி, பக்கத்தில் ஊரையும் எழுதினாள்.

எழுதி முடித்ததும் என்னை ஒரு முறை பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வீட்டுக்குப் போய்க் காலைப் பிடித்தாவது சமாதானம் செய்திருப்பேன். கடையில் கவுன்ட்டரில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோமே, வாடிக்கையாளரிடம் ஒரு பொய் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பார்வை.

"வாங்கடி, அடுத்தது பாம்பு" என்று தோழிகளை இழுத்துக்கொண்டு போனாள். மிஸ்ஸும் பிள்ளைகளும் அவள் பின்னால் போனார்கள். பலகையின் தகர விளிம்பு முதுகில் குத்திக்கொண்டிருந்தது. கடைசித் தொப்பி திரும்பி மறையும் வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.